மேடையில் சொன்ன ஒரு வாக்கியம்

மார்ச் 2, சனி

நூலக மாடியில் இன்று ஆறாவது சந்திப்பு. வசதியில்லாத பிள்ளைகளின் படிப்புக்குத் துணை நிற்கும் மன்றத்தில் நான் சேர்ந்த அன்று என் பொறுப்பில் ஒப்படைத்த பெண் இவள். பத்தொன்பது வயது. பகலில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை, மாலையில் கல்லூரி. எதற்கெடுத்தாலும் வாதாடுவாள் என்பதால் 'வக்கீல்' என்று கூப்பிடுகிறேன். அவளுக்கும் அது பிடிக்கும்.

இன்று வாதாடவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எங்கப்பா வெளியூர்ல வேலை பாக்கலக்கா. ஜெயில்ல இருக்காரு. உங்களத் தவிர யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என்னிடம் மட்டும் சொன்னாளே என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. பொய் சொல்வானேன், இருந்தது.

மார்ச் 5

தையற்கடையில் இரண்டு பேர் லீவு. காலர் தைத்துத் தைத்தே முதுகு போய்விட்டது.

மார்ச் 16, சனி

மன்றத்தின் ஆண்டு விழா. செயலாளர் மைக்கைக் கையில் திணித்து, "நாலு வார்த்தை பேசுங்கம்மா, மனசத் தொடுற மாதிரி" என்றார். பேசினேன். "அப்பா சிறையில் இருந்தும் சோர்ந்துபோகாமல் உழைத்துப் படிக்கிறாள் இந்தப் பிள்ளை" என்று அவளைக் கைகாட்டினேன். அப்படியொரு கைதட்டல். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னால், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"பாராட்டத்தானே செஞ்சேன்" என்று எரிந்து விழுந்தேன். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

மார்ச் 18

காப்பகத்தில் பிள்ளைகளை விடுகிற பெற்றோர் மூன்று பேர் விழாவில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் போய்ப் புகார் சொல்ல, இன்று காலை அவளைக் காப்பகத்தில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். அந்தச் சம்பளத்தில்தானே படித்துக்கொண்டிருந்தாள்!

ஐயோ, அவ பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேனே. எனக்கு எதுக்கு இந்த வாய்? நாலு பேர் கைதட்டணும்னா நம்ம கதையச் சொல்லியிருக்கலாமே. அவ கதைய எடுத்துச் சொல்ல நான் யாரு?

மார்ச் 19

கடையைப் பூட்டிவிட்டு நேராகக் காப்பகத்துக்குப் போனேன். "தங்கமான பொண்ணும்மா, நான் பொறுப்பு" என்றேன். பொறுப்பாளர் அம்மா என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அவ நல்ல பொண்ணுன்னு எங்களுக்குத் தெரியாதா? நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா அந்தப் பெத்தவங்களுக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 23, சனி

நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை நூலக மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. போனை எடுக்கவும் இல்லை.

மார்ச் 31

மனசு கேட்காமல் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா கதவைப் பாதி திறந்து நின்றார். படிப்பை நிறுத்திவிட்டு வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாளாம்.

"எந்த ஊர்னு..." என்று இழுத்தேன்.

"யார் கேட்டாலும் சொல்லு, அந்த அக்கா கேட்டா மட்டும் சொல்லாதன்னு சொல்லிட்டுப் போயிருக்காம்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தெருமுனை வரை அழுதுகொண்டே நடந்தேன்.

ஏப்ரல் 14

செயலாளரிடம் விலகிக்கொள்கிறேன் என்றேன். "அட, இதுக்கெல்லாம் போய்... நல்லதத்தான சொன்னீங்க?" என்று சிரிக்கிறார். இந்த மனுஷனுக்கு எப்படிப் புரியவைப்பது?

மே 11, சனி

ஆள் பற்றாக்குறை என்று கெஞ்சிக் கூத்தாடி என் தலையில் ஒரு புதுப் பெண்ணைக் கட்டிவிட்டார் செயலாளர். பதினேழு வயதிருக்கும். பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கணக்குப் பாடம் வரவில்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, வீட்ல ஒரு விஷயம்... யார்கிட்டயும் சொல்லல" என்று ஆரம்பித்தாள்.

அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தேன். "என்கிட்டயும் சொல்லாதம்மா" என்றேன்.

அவள் நோட்டை விரித்தாள். ஐந்து மணி வரை கணக்கைப் பற்றி மட்டும் பேசினோம். கிளம்பும்போது "தேங்க்ஸ்க்கா" என்றாள், மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு கடைக்காரரிடம் சொல்வதுபோல.