பச்சை தெறித்த கார்புரேட்டர்

மலைமேல் ஆணையாகச் சொல்கிறேன், இனி எழுதப்போவதை ஒரு பயல் நம்பமாட்டான். நீ நம்புவாய். குற்றவாளியே நீதானே, செத்துப்போய்த் தப்பித்துக்கொண்டாய்.

கை முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். எதிரே பச்சை பெயிண்ட் தெறித்த அந்தக் கார்புரேட்டர். பன்னிரண்டு வருடம் நான் உன்னோடு பேசாமல் இருந்ததற்குக் காரணமான அதே சனியன்.

உனக்கும் எனக்கும் ஒரே வயதுப் பழைய புல்லட். இரண்டையும் கம்பெனியிலிருந்து வந்தபடியே ஆக்கிவிடுவது என்று கிளம்பினோம். என் வண்டியில் எல்லாம் அசல். கார்புரேட்டர் மட்டும் எவனோ மாற்றிவிட்ட வேறு வண்டிச் சாமான். அதோடு கல்வராயன் மலை ஏறினால், என் வண்டி இருமிய இருமலில் மூன்று வளைவு தள்ளி மேய்ந்த எருமைகள் காசநோய்க்குப் பயந்து ஊரையே காலி செய்தன.

கள்ளக்குறிச்சி பழைய இரும்புக் கடையில் பச்சை தெறித்த இதைக் கண்டெடுத்தேன். கண்ணாடியை வீட்டில் விட்டு வந்த மடையன், உன்னிடம் நீட்டினேன். அசலில் கம்பெனிப் பெயரின் எழுத்து வார்ப்போடு சேர்ந்து எழும்பி நிற்கும்; போலியில் பிறகு வெட்டியது, பள்ளமாய் இருக்கும். நகத்தால் அழுக்கைச் சுரண்டினாய். நாடி பிடிக்கிற வைத்தியன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தடவினாய்.

“டூப்ளிகேட்டுடா மச்சான். தூக்கிக் கடாசு.”

கடாசினேன். அடுத்த ஞாயிறு கோமுகி அணையில் பார்த்தால், உன் வண்டியில் பச்சைத் தெறிப்போடு இது!

“இன்னாடா இது?”

“உனுக்குத்தான் டூப்ளிகேட்டு. எனுக்கு ஒரிஜினலு,” என்று பல்லிளித்தாய்.

அன்று எனக்கு ஏறிய சூட்டில் அணைத் தண்ணீர் கொதித்து, கச்சிராயபாளையம் வாய்க்காலில் மீனெல்லாம் வெந்தே மிதந்தது.

உன் சாவுக்கு வந்தேன். மாலை போட்டேன். கண் மட்டும் உன் வண்டிமேலேயே இருந்தது. போன வாரம் உன் மனைவி இதைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

“உங்க கையில குடுக்கச் சொன்னாருண்ணா. இத மாட்டின நாள்லேர்ந்து மலைக்குப் போனா பாதி தூரம் தள்ளிக்கினுதான் போவாரு. வண்டியோட வந்த ஒரிஜினலு பெட்டியில பூட்டியே கெடக்கு. இத கயட்டிப் போடுங்கன்னா, ‘அவன் பார்த்தா சிரிப்பான்’ம்பாரு.”

அன்றே கழுவித் தடவினேன். எழுத்து பள்ளம். போலி!

அடப்பாவி, கடையில் நீ சொன்னது சத்தியம். அணையில் சொன்னதுதான் புளுகு. உன் அசலைக் கழற்றிப் பெட்டியில் பூட்டிவிட்டு, என் வயிறு எரிவதற்காகப் பன்னிரண்டு வருடம் வண்டி தள்ளியிருக்கிறாய். நானும் எரிந்திருக்கிறேன், ஒரு தகரத்துக்கும் பெறாத சாமானுக்காக. உன்னை மன்னிக்கவா? போடா.

இதையே என் வண்டியில் மாட்டிக்கொண்டு இன்று காலை மலைக்குப் போனேன். ஏனென்று கேட்காதே. பாதி மேட்டில் நின்றுவிட்டது. அடிக்கொரு வசவு உனக்குப் போட்டுக்கொண்டே உச்சிவரை தள்ளினேன்.

மேலே எழுதியதில் முக்கால்வாசி என் கைச்சரக்கு. தள்ளியது மட்டும் நிஜம். தோள் இன்னும் வலிக்கிறது.