புதன்கிழமை விலை

அன்புள்ள என்னவருக்கு,

நானும் சின்னவளும் சுகம். அங்கே உங்கள் உடம்புக்கு ஒன்றும் இருக்காது என்று நம்புகிறேன். மனசைப் பற்றிக் கேட்கத்தான் இந்தக் கடிதம். அதற்குக் கொஞ்சம் சுற்றி வளைத்து வர வேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. கண்ணாடி முன்னால் நின்று தானே சிரித்துக்கொள்கிறாள். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. குழாய்க்காரர் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று பத்து நாளாகக் கடுக்காய் கொடுக்கிறார். வாளியை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதத்துக்கு முந்தின மாதம் நீங்கள் எழுதிய கடிதத்தை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் பணம் அனுப்பும் கடையில் கவுன்டரில் உட்காரும் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவளும் ஒரு நோட்டில் அந்த நாட்டுப் பணத்துக்கு நம் பணம் எவ்வளவு என்று பத்து வருடமாக எழுதி வைத்திருக்கிறாளாம். "அப்படியே உன்னை மாதிரி" என்று எழுதியிருந்தீர்கள். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தீர்களா? எனக்கு வயிறு எரிந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் நோட்டு பதினொரு வருடம். அதையும் அவளிடம் சொல்லுங்கள். இந்த இரண்டு சின்ன நாட்டுப் பணத்துக்கும் நேர் விலை யாரும் சொல்வதில்லை. டாலருக்கு அது எவ்வளவு, இது எவ்வளவு என்று பார்த்து, வகுத்து, எங்கள் பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் கடைசி வரியாக நான்தான் போட வைக்கிறேன். மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு அது வேலையே இல்லை. நீங்கள் கப்பல் பட்டறை வேலைக்குக் கிளம்பிய அந்த வாரமே ஆரம்பித்தது. 2.610-க்கு விழுந்த அன்றைக்குச் சின்னவள் பிறந்தாள் என்று என் நோட்டில் இருக்கிறது. அவள் நோட்டில் வெறும் எண்தானே இருக்கும்?

உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலம் அலுவலகத்தில் பக்கம் திருத்தக் கொடுத்தார்கள். கடைசி வரியில் 3.184 என்று இருக்க வேண்டிய இடத்தில் 3.814 என்று இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் நான், எனக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தது. பேனாவைத் தூக்கினேன், கீழே வைத்துவிட்டேன். ஒரே நாளில் உங்கள் ஊரைப் பணக்கார ஊராக்கிவிட்டேன். மறுநாள் சரியான விலை வந்தது. நடுவில் ஒருவர்கூட போன் செய்து கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் தெரிந்தே விட்ட பிழை அது ஒன்றுதான்.

வழக்கம்போல அந்த வாரத்துப் பத்திரிகை நறுக்குகளை எல்லாம் உங்களுக்குத் தபாலில் போட்டேன். முன்பெல்லாம் மூன்றாவது தசமத்தில் ஒரு எண் தவறினாலும் "என்ன மேடம், தூங்கிட்டீங்களா?" என்று எழுதிக் கிண்டல் செய்வீர்கள். இந்தத் தடவையும் செய்வீர்கள் என்று காத்திருந்தேன். முந்தாநாள் உங்கள் கடிதம் வந்தது. நாலு பக்கம். பட்டறைச் சூடு, மேஸ்திரியின் கோபம், கவுன்டர் பெண் புதுக் கண்ணாடி போட்டிருப்பது எல்லாம் இருந்தது. 3.814 இல்லை. நறுக்குகளைப் பிரித்தீர்களா என்றே சந்தேகமாக இருக்கிறது.

கூடவே பணம் அனுப்பிய சீட்டும் இருந்தது. தேதியைப் பார்த்தேன், புதன்கிழமை. பழைய சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போய், அலுவலகத்தில் தைத்து வைத்திருக்கும் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். கடைசிப் பதினான்கு சீட்டும் புதன்கிழமை. அதில் பதினொன்றில் முந்தின நாளோ மறுநாளோ அனுப்பியிருந்தால் விலை கூடுதலாகக் கிடைத்திருக்கும். அதற்கு முன்பு நறுக்குகளைச் சுவரில் ஒட்டிவைத்து, நல்ல விலை வரும்வரை காத்திருந்து அனுப்பிய மனிதர் நீங்கள். போனது எவ்வளவு என்றும் கூட்டினேன். வீட்டுக்கு வரும் விமானச் சீட்டில் பாதி.

உங்கள் அறையில் இருக்கும் பெயிண்டர் தம்பி லீவில் வந்து நீங்கள் கொடுத்த பொட்டலத்தைத் தந்துவிட்டுப் போனார். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அந்தப் பெண் வாரத்தில் புதன்கிழமை மட்டும்தான் உங்கள் தெருக் கடைக்கு வருவாளாம். "அன்னிக்கு மட்டும் அண்ணன் சவரம் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டையிலதான் கிளம்புவாரு அக்கா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நேற்று ஆசிரியர் கூப்பிட்டார். பக்கத்தில் இடம் போதவில்லையாம், கடைசி வரியை எடுத்துவிடலாமா என்றார். "டாலர் சரி, தங்கம் சரி. இதை யாரும்மா பாக்குறாங்க?" என்று கேட்டார். ஒருத்தர் பார்க்கிறார் சார் என்று பதினொரு வருடமாகச் சொல்லிவந்த எனக்கு, நேற்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. மாதக் கடைசியில் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில்தான் இந்த வீடு ஓடுகிறது. அவள் நல்லவளாகவே இருக்கட்டும். நீங்கள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவதோடு சரியாகவும் இருக்கட்டும். எனக்காக ஒன்றே ஒன்று செய்யுங்கள். இந்த மாதம் திங்கட்கிழமை அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை அனுப்புங்கள். விலை அதலபாதாளத்துக்கு விழுந்த நாளாகப் பார்த்து அனுப்பினாலும் வாய் திறக்க மாட்டேன், எப்படியாவது சமாளித்துக்கொள்வேன். புதன்கிழமை மட்டும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் தலையில் துணி கட்டாமல் கப்பல் மேல் ஏறாதீர்கள். சீட்டு மாதக் கடைசிக்குள் வந்துவிட்டால் நல்லது, ஆசிரியருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

என்றும் உங்கள்,
மனைவி