செல்வராஜ் அண்ணனின் வலது கை

வெள்ளிக்கிழமை. கரமனை.

பள்ளிக் கண்காட்சியில் எங்கள் பத்தாம் வகுப்புக் குழுவுக்கு முதல் பரிசு. சான்றிதழ் இன்னும் பைக்குள்தான் இருக்கிறது.

போனக்காடு தேயிலைத் தோட்டத்துச் செல்வராஜ் அண்ணனுக்கு வலது கை மணிக்கட்டோடு இல்லை. அவருக்காகப் பள்ளி லேபின் 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக்கில் ஒரு கை அச்சிட்டோம். அளவெடுக்க அவரால் மலையிறங்கி வர முடியவில்லை. கை போன இடத்தில் ஸ்கேலைக் கட்டிக்கொண்டு செல்பி எடுத்து அனுப்பினார். அதைப் பார்த்து நான்தான் கணினியில் வரைந்தேன்; எந்தக் கை என்று அவரைக் கேட்கவே இல்லை. செல்பியில் இடம் வலமாக மாறும் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மேடையில் அவருக்கு மாட்டும்போதுதான் பார்த்தேன். கட்டைவிரல் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் செய்தது இடது கை.

ப்ராஜெக்டுக்குப் பொறுப்பான சாரின் காதில் சொன்னேன். சிரித்த முகம் மாறாமல், "மோளே, இப்போ ஒண்ணும் மிண்டண்டா" என்று மலையாளத்தில் அடக்கினார். நானும் வாயை மூடிக்கொண்டேன். சிறப்பு விருந்தினர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அரங்கமே கைதட்டியது.

மாலையில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில், "கழட்டிக் குடுங்கண்ணா, வேற செஞ்சு தரோம்" என்றேன். செய்ய மாட்டோம். திங்கட்கிழமை பரீட்சை. ப்ராஜெக்ட் முடிந்தது என்று சார் சொல்லியாகிவிட்டது.

அண்ணன் தரவில்லை. "இருக்கட்டும் பாப்பா. எம் புள்ள வாசல்லயே நிக்கும், அப்பா புதுக் கை போட்டுட்டு வருவாருன்னு. வாரை மட்டும் கொஞ்சம் இறுக்கிவிடு."

இறுக்கிவிட்டேன். பஸ் கிளம்பியபோது ஜன்னலில் அந்தக் கையைத்தான் ஆட்டிக்கொண்டு போனார்.