நீ உட்காரும் பக்கத்துக் காது

மகாராணிக்கு,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. உப்பு பிரமாதம், சமைத்த உன் புருஷன் நானே சான்றிதழ் கொடுத்துவிட்டேன். பதினொரு மணிக்கு மெக்கானிக் வருவார். ஜீப் சாவியைக் கொடுத்துவிடு.

ஜீப்பின் முனகலுக்குக் காரணத்தை உலகத்திலேயே நான் ஒருவன்தான் கண்டுபிடித்தேன் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தேனே! முன்சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்சக்கரங்களால் மட்டும் ஓட்டினேன், சத்தம் அடியோடு நின்றது, ஆகவே கோளாறு முன்பக்கம்தான் என்று. நேற்று மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு போய் அதை ஜம்பமாகக் காட்டினேன்.

"சார், நூறு நாய் ஊளையிடுற மாதிரி இருக்கு. பின்பக்க கியர்தான் போயிருக்கு. உங்களுக்குக் கேக்கவே இல்லையா?" என்றார்.

கேட்கவில்லை. தலையைத் திருப்பி மறு காதைக் கொடுத்தேன், கேட்டது. நின்றுபோனது சத்தம் இல்லை; நீ உட்காரும் பக்கத்துக் காதுதான் போய்விட்டது.

போன வியாழக்கிழமை நீ மட்டும் டாக்டரைப் பார்க்க உள்ளே போனாய். நான் வெளியே ஜீப்புக்கு அடியில் படுத்து முனகலைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பும் வழியில், ஜன்னலைப் பார்த்தபடி நீ ஏதோ சொன்னாய். வழக்கம்போல் என்னைக் கிண்டல் செய்கிறாய் என்று நினைத்து, ஜீப்பே குலுங்கச் சிரித்தேன். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை. டாக்டர் கொடுத்த ரிப்போர்ட்டையும் எங்கோ ஒளித்துவிட்டாய்.

சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை, மகாராணி.

காது டாக்டரிடம் நடந்தே போகிறேன். அன்று சொன்னதை இதன் பின்பக்கம் எழுதி வை.

பி.கு: வேண்டாம், எழுதாதே. நான் வந்து, நல்ல காது உன் பக்கம் இருக்கும்படி உட்காருகிறேன். இன்னொரு தடவை சொல்லு.