அம்மா ராணியை எடுக்கவில்லை

அன்பு மகன் டெரிக்குக்கு,

மாதாவின் தயவில் நானும் அம்மாவும் சுகம். ராட்டர்டாமில் குளிர் ஏறிவிட்டதாகச் சொன்னாயே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. போனில் சொன்னால் பாதியிலேயே சரிப்பா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு திருவொற்றியூர் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தது குமாரவேல். மணலி புதுநகர்ப் பிள்ளை, இரண்டு வருடமாகக் கோப்பையை விடாதவன், இரண்டு தடவையும் அம்மாவைத் தோற்கடித்தவன். இந்தத் தடவையும் தோற்றால் இனிப் போட்டிக்கே வரமாட்டேன் என்று காலையில் பூசை முடிந்து வரும்போதே அம்மா சொல்லிவிட்டாள். கோப்பைக்கு அவனுக்கு டிரா போதும், அம்மா ஜெயித்தே ஆகவேண்டும். பாதி ஆட்டத்தில் அவன் டிரா கேட்டான், அம்மா தலையைக்கூட நிமிர்த்தாமல் வேண்டாம் என்று கையை அசைத்தாள். கடைசியில் பலகையில் மிஞ்சியது இரண்டு ராஜாக்களும் அம்மாவின் ஒரே ஒரு சிப்பாயும்தான். அது கடைசிக் கட்டத்தைத் தொட்டால் ராணி வாங்கிக்கொள்ளலாம், முடிந்தது கதை என்று பின்னால் நின்றவர்கள் கைதட்டத் தயாராகிவிட்டார்கள். குமாரவேல் மட்டும் தன் ராஜாவை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு அமைதியாக இருந்தான். கடிகாரம் ஓடுகிறது. சிப்பாயை நகர்த்திய அம்மாவின் கை ராணி வரைக்கும் போய் நின்றது. பிறகு ராணியை விட்டுவிட்டு யானையை எடுத்து வைத்தாள். கண் தெரியாமல் எடுத்துவிட்டாளோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. குமாரவேலின் ராஜாவுக்குப் போக ஒரே கட்டம்தான் இருந்தது, அங்கே போனான், அடுத்த காய் நகர்த்தலில் யானை ராஜாவைக் கட்டிவிட்டது, அம்மா ஜெயித்துவிட்டாள். குமாரவேல் எழுந்து நின்று கை கொடுத்தான். "இன்னாக்கா, எப்டி பாத்த நீ? ராணி வெச்சிருந்தா என் ராஜாவுக்கு செக்கும் இல்ல, நவுர எடமும் இல்ல, ஆட்டம் டிரா, கப்பு எனக்கு. அதுக்குத்தான் அங்க போய் குந்திகினு இருந்தேன்" என்று சொல்லிச் சிரித்தான். தோற்றவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது ரயிலில் கோப்பை என் மடியில்தான் இருந்தது, அம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை. ஒண்ணுமே இல்லாத எடத்துல எவ்ளோ அழகா பொறி வெச்சிகினு இருந்தான் பாத்தியா அந்தப் புள்ள, அத்த ஒடைக்க எனக்கே மனசு வரல என்று அவன் ஆட்டத்தையே சொல்லிக்கொண்டு வந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்ததில் ராயபுரத்தை விட்டுவிட்டோம், பீச் ஸ்டேஷன் வரை போய்த்தான் திரும்பினோம்.

கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஞாயிறு போன் செய்யும்போது எடுத்ததுமே பிரஷர் மாத்திரை போட்டாயா என்று அம்மாவைக் கேட்காதே, ஆட்டத்தைக் கேள்.

உன் அப்பா,
செல்வநாதன்
ராயபுரம்