வெள்ளியில் ஓர் இடது கால்

அனுசியா,

நேற்று சண்டையில் நீ சாத்திய கதவு இன்னும் திறக்கவில்லை. எழுப்ப மனமில்லை. ஏழு மணிக்கு அட்மிஷன், நாளைக் காலை ஆபரேஷன். ஹார்பரில் கூட வேலை பார்க்கும் செந்தூர்வேல் காரில் போகிறேன். பீரோ சாவி அரிசி டப்பாவுக்குள். இட்லி மாவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்திருக்கிறேன்.

பத்து மணிக்கு உன் அண்ணாச்சி சாத்தான்குளத்திலிருந்து வருவார். வணிகர் சங்கத் தலைவர் அல்லவா, வாசலிலேயே மைக் பிடிப்பார்: "காலு முக்கியமா, உசுரு முக்கியமா? வெட்டிப் போட்டுட்டு வீரமா வாரும் மாப்ள." டாக்டர் சொன்னதையே திரும்பச் சொல். மருந்தில் புற்றுக்கட்டி சுருங்கிவிட்டது. முட்டிக்கு மேலே கெட்டுப்போன எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உலோகம் வைப்பார்கள். காலை வைத்துக்கொள்வதால் என் உயிருக்கு ஆபத்து அதிகமாகாது. கேட்க மாட்டார். இட்லியைக் கொடு.

"எனக்கு நீங்க இருந்தா போதும், காலு வேண்டாம்" என்று நீ சொன்னது காதிலேயே இருக்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும்.

திருச்செந்தூர் உண்டியலில் போட அண்ணாச்சி மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிய வெள்ளிக் கால் பூஜை அலமாரியில் இருக்கிறது. பெருவிரலைப் பார். அது இடது கால். எனக்கு வலது. போகிற வழியில் மாற்றிவிடுங்கள்.

பி.கு. நேற்று ஒன்றை மறைத்துவிட்டேன். திறந்து பார்க்கும்போது கட்டி பெரிய ரத்தக்குழாயைப் பிடித்திருந்தால் காலை எடுத்துவிடுவார்கள். அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அப்படி ஆனால் இடது கால்தான் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். அதனால் மாற்ற வேண்டாம், அப்படியே போட்டுவிட்டு வா. அண்ணாச்சியிடம் காரணத்தைச் சொல்லாதே. தெரிந்துதான் வாங்கினேன் என்பார்.