மஞ்சாடிக் கோட்டையின் நானூறு விற்களைக் குறித்து

பதினெட்டு மலைகளையும் அவற்றின் அருவிகளையும் தன் குடைக்கீழ்க் கொண்ட கார்மலை நாட்டின் அரசி கூத்தன் வீராணி, கழையாற்றின் அக்கரையில் குறும்பாறை நாட்டை நம் பேரால் ஆண்டுவரும் வேள் சாத்தன் மழவனுக்கு விடுக்கும் ஓலை. உம் வயல்களில் கதிர் சாயாது நிற்க. உம் ஆநிரை நோயின்றிப் பெருக. உம் முன்னோர் நம் முன்னோர்க்குக் கொடுத்த வாக்கு உம் நாவிலும் அவ்வண்ணமே இருக்க.

ஆடித் திங்களில் நீர் மஞ்சாடிக் கோட்டைக்கு விருந்தினராய் எழுந்தருளியதையும், ஆற்றுத்துறையைக் காக்கும் நம் வில்லாளர் நானூற்றுவரும் பழைய அடுக்களையின் புகைக்குள் அமர்ந்து உண்பதைக் கண்டு கண்ணீர் உகுத்ததையும், ஒரே திங்களில் உம் கற்றச்சரைக் கொண்டு கோட்டையின் தென்கோடியில் கல்லாலான உணவுச்சாலை ஒன்றை எழுப்பித் தந்ததையும் நாடறியும். புகை ஒரு நொடியும் தங்காதபடி கூரையில் திறப்புகள் வைத்த அச்சாலையைக் கண்டு நாமும் வியந்து பாராட்டினோம். அந்த அறத்தைக் கல்லில் வெட்டுவித்த நாளில், புண்ணியம் பங்குபட்டுப் போகாதிருக்கும்பொருட்டு, கோட்டை மதிலுக்குள் இவ்வடுப்பன்றி வேறோர் அடுப்பு எரியலாகாது என்றும், எரிப்பித்தவர் ஏழு பிறப்பும் பசித்திருப்பார் என்றும் ஒரு வரி சேர்க்க நீர் வேண்டினீர். நாம் இசைந்தோம். அவ்வரிக்குக் கீழே நம் முத்திரையும் இருக்கிறது. வில்லாளர் உணவுக்காக வைத்த நிபந்தனையில் அரசுக்கு என்ன இடர் வரக்கூடும் என்று அன்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர் நாமே.

ஐப்பசி முதல் வாரத்தில், மழை ஒரு பகல் ஓய்ந்திருந்தபோது, வில்லாளர் துறையில் பயிற்சிக்கு நின்றனர். சென்ற ஆண்டு ஆற்றைத் தாண்டி உம் கரையின் மணலில் தைத்த அம்புகள் இவ்வாண்டு நடு நீரில் விழுந்தன. ஒருவர் கை தளர்ந்தது என்றால் அவரைக் கடிந்து விட்டிருப்போம். நானூற்றுவர் கையும் ஒரே நாளில் தளராது. நாணைக் கழற்றிய பிறகும் விற்கள் நிமிராமல், கூனல் விழுந்த முதுகுபோல் வளைந்தே கிடந்தன. கைப்பிடியில் சுற்றிய தோலைப் பிரித்தபோது உள்ளே பூஞ்சணம் வெண்மையாய்ப் படர்ந்திருந்தது. தடசு மரத்தில் செய்து மூன்று தலைமுறை கண்ட விற்கள் ஒரே மழையில் உயிர் விட்டன என்று ஓலை வந்தபோது, நாம் முதலில் ஐயுற்றது உம்மை அன்று.

வில்லறைக் காவலர் தேவன் கொற்றனை ஐயுற்றோம். நாண் கழற்றி வைக்கவில்லையா, விற்களைச் சுவரோரம் ஈரத்தரையில் ஊன்றி நிறுத்தினாரா, மழையில் நனைந்து வந்தவற்றைத் துடையாமல் மாட்டினாரா என்று மூன்று நாள் சிறையில் வைத்துக் கேட்பித்தோம். எல்லாம் முறைப்படியே செய்ததாகவும், ஈரம் தெரிந்ததும் வழக்கத்தைவிட இருமடங்கு எண்ணெயும் தேன்மெழுகும் பூசியதாகவும் அவர் ஆணையிட்டுச் சொன்னார். அந்த இருமடங்கே கேட்டை முற்றுவித்தது. ஈர மரத்தின்மேல் பூசிய மெழுகு வெளி நீரைத் தடுப்பதோடு உள் நீரையும் வெளியே விடாது. கை நேர்மையாய் இருந்தும் அறிவு ஓரடி பின்தங்கிய மனிதரை நாம் திருடரைப்போல் நடத்தினோம். அதற்காக அவரிடம் பிழை பொறுக்கவும் கேட்டோம். ஆயினும் முப்பதாண்டு அதே எண்ணெயும் அதே மெழுகும் காத்த விற்களை இவ்வாண்டு மட்டும் ஏன் காக்கவில்லை என்பதற்கு அவரிடம் விடை இல்லை.

விடை தானே நடந்து வந்தது. பழைய அடுக்களையில் பத்தொன்பது ஆண்டு சோறாக்கிய நக்கன் ஐயாறி என்பவள், யாரும் அழையாமல் தலைநகர் வந்து, வாயிற்காவலர் தடுத்தபோது, அரசிக்குப் பசித்தால் மட்டும் எந்த வழியாய்ச் சமையற்காரியை உள்ளே விடுவீர்கள் என்று கேட்டு அவர்களை வாயடைத்து நம் முன் நின்றாள். கொற்றனைச் சிறையில் வைத்தது தகாது என்றும், அந்த ஆள் பூசிய எண்ணெயில் அப்பளம் பொரித்திருந்தாலாவது பத்துப் பேர் வாழ்த்தியிருப்பார்கள் என்றும், விற்களைக் காத்தது எண்ணெய் அன்று, தன் அடுப்பே என்றும் விண்ணப்பித்தாள். அதுவரை நாம் அறியாத ஒன்றை அப்போது அறிந்தோம். மஞ்சாடியில் வில்லறை என்று நாம் ஏட்டில் எழுதிவருவது அடுக்களைக்கு மேலுள்ள பரண். கீழே நாள்தோறும் உலை கொதிக்க, இளஞ்சூடும் புகையும் மேலேறி, கார்காலம் நான்கு திங்களும் அந்த மரத்தை உலரவைத்தன. விறகெரிப்பது விற்களுக்காக என்று எந்த ஓலையிலும் இல்லை. சோறு வேண்டியிருந்ததால் நெருப்பு இருந்தது. நெருப்பு இருந்ததால் வில் இருந்தது. உம் சாலையில் சோறு வெந்த நாள்முதல் பரணுக்குக் கீழே சாம்பல் குளிர்ந்து கிடந்தது. தன்னைச் சோறாக்குகிறவள் என்று எண்ணிப் பத்தொன்பது ஆண்டு ஏமாந்துவிட்டதாகவும், வில்லறைக் காவலர்க்குரிய பட்டத்தைத் தனக்குத் தர வேண்டியவர் யார் என்றும் அவள் நம்மையே கேட்டாள். அவையில் சிலர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை.

ஏனெனில் அவள் இன்னொன்றும் சொன்னாள். கோட்டையின் தலைவர்க்கும் காவலர்க்கும் நமக்கும் தோன்றாத ஒன்று உமக்குத் தோன்றியது என்பதே அது. நீர் விருந்துண்ட பகலில், பட்டாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பரண்மேல் ஏறினீராம். வரிசையாய்க் கிடந்த விற்களில் ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்து நெடுநேரம் நின்றீராம். இறங்கி வந்து, இந்த அடுப்பு எந்நாளாவது அணைவதுண்டா என்று வினவினீராம். அடுப்பின்மேல் இத்தனை அன்பு கொண்ட வேளுக்கு அதையே மணம் முடித்து வைக்கலாம் என்று தான் வேடிக்கை செய்ததாகவும், நீர் சிரிக்காமல் போனதாகவும் ஐயாறி உரைத்தாள். அதன் ஐந்தாம் நாள் உம் கற்றச்சர் வந்தனர்.

வேளே, அறம் செய்தவரை ஐயுறுவது அரசுக்கு அழகன்று என்று நம் அமைச்சர் கூறுகிறார். அவர் கூறும் நியாயங்களை இங்கே நாமே எழுதுகிறோம். இரக்கமுள்ளவர் புகை வரும் இடத்தை ஏறிப் பார்ப்பது இயல்பே. அறத்தில் போட்டி வேண்டாம் என்று நினைப்பதும் இயல்பே. உம் கரையில் கோடையிலிருந்து அறுபது புதிய பரிசல்கள் கட்டியிருப்பது, நீர் சொல்லியனுப்பியதுபோல், மீனவர் நலனுக்காகவே இருக்கலாம். ஆனால் பத்து நாள் முன்பு, அந்தக் கல்லின் வரியை இவ்வொரு மழைக்கு மட்டும் தளர்த்த இசைவீரா என்று ஓலை விடுத்தோம். உம் ஊருக்குக் குதிரையில் போக ஒன்றரை நாள், மீள ஒன்றரை நாள். உம் மறுமொழியோ இரண்டாம் நாளே நம் கைக்கு வந்தது. கல்லில் வெட்டியது வெட்டியதே என்றும், அரசியின் ஏழு பிறப்பையும் எண்ணி நடுங்குவதாகவும் அதில் எழுதியிருந்தீர். நம் கேள்வி உம்மை அடையுமுன்னே உம் விடை புறப்பட்டுவிட்டது. இதற்கும் அமைச்சர் ஒரு நியாயம் தேடிக்கொண்டிருக்கிறார். இன்னும் கிடைக்கவில்லை.

கல்லை நாம் உடைக்க மாட்டோம். நம் முத்திரை பதிந்த சொல்லை நாமே மீறினால், நாளை எந்த ஊரில் எந்தக் கல்லை மக்கள் நம்புவர்? மதிலுக்குள் உம் அடுப்பன்றி வேறு அடுப்பு எரியாது. ஆனால் அக்கல் மஞ்சாடியின் மதிலுக்குள் மட்டுமே பேசுகிறது. உம் அரண்மனை அடுக்களையைப் பற்றி அது ஒன்றும் பேசவில்லை.

ஆகையால் நாம் ஆணையிடுவதாவது: மஞ்சாடியின் நானூறு விற்களும் மழை ஓயும்வரை உம் அரண்மனை அடுக்களையின் பரணில் தங்கும். வில்லைத் தன் உடம்பின் ஓர் உறுப்பாய் எண்ணுகிறவர் அதைப் பிரிந்திரார் ஆதலின், வில்லாளர் நானூற்றுவரும் உடன் வருவர். அவர்களை மேல்மலைத் தொங்குபாலம் வழியே அனுப்பினோம். துறையில் உம் பரிசல்காரருக்கு வீண் சிரமம் தர விரும்பவில்லை. அவர்கள் விட்டுவந்த இடத்தில் தலைநகரின் வில்லாளர், நம் அரண்மனையில் உலர்ந்திருந்த விற்களோடு, நேற்றே நிலைகொண்டனர்.

வழிக்காக விற்களை எண்ணெய்த்துணியில் சுற்றியிருக்கிறோம். வந்த உடனே அதை அவிழ்க்க. மூடிய துணிக்குள் மரம் வியர்க்கும். கைப்பிடித் தோலை நீக்கி, பழைய மெழுகை வழித்தெடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, நாணின்றி இரு முளைகளின்மேல் படுக்கையாய் வைக்க. அடுப்புக்கும் வில்லுக்கும் இடையே கையுயர்த்தி நிற்கும் ஓர் ஆள் உயரம் இருக்க. அதனினும் நெருங்கினால் மரம் பிளக்கும். பத்து நாள் எண்ணெய் தொடலாகாது. ஈரம் போனபின் மெல்லப் பூசுக. வளைந்தவற்றுள் எத்தனை மீளும் என்று கொற்றனாலும் சொல்ல இயலவில்லை. மீளாதவற்றுக்கு ஈடாக உம் மலையின் தடசு மரங்களை அவர் தாமே தெரிந்து வெட்டுவார்.

உம் அடுக்களையின் தலைமை இன்றுமுதல் நக்கன் ஐயாறியிடம். வில்லறைக் காவற்பட்டம் அவளுக்கு அளித்துவிட்டோம். நானூற்றுவர்க்கும் உமக்கும் உம் சுற்றத்தார்க்கும் ஒரே உலையில் சோறு வேகும். நீர் அவர்கள் நடுவே அமர்ந்து உண்பீர். தைத் திங்கள் பிறக்கும்வரை அந்த நெருப்பு அணையலாகாது. நீர் குற்றமற்றவரானால், அரசின் படையை ஒரு கார்காலம் முழுதும் ஊட்டிய புகழ் உமக்கு ஆகும். அதையும் கல்லில் வெட்டுவிப்போம். அல்லாதவரானால், ஈரமேறியவை விற்களே, வாட்கள் அல்ல என்பதை நினைவிற்கொள்க. இரண்டில் எது என்பதை நாம் இன்று முடிவு செய்யவில்லை. நெருப்பு அணைந்தால் செய்யவேண்டியது இன்னதென்று படைத்தலைவரிடம் வாய்ச்சொல்லாய் ஒப்படைத்துள்ளோம்.

இது நம் சொற்படி எழுதப்பட்டு, நம் கண்முன் சுருட்டப்பட்டு, அருவி பொறித்த மோதிரத்தால் அரக்கிடப்பட்டது. படித்தவுடன் மறுமொழி எழுத வேண்டா. இவ்வோலையை உம் கையில் தந்தவர் தேவன் கொற்றன். மற்றவர் உம் வாயிலில் மழையில் நிற்கின்றனர். கதவைத் திறக்கச் சொல்லும்.